உங்களுக்குத் தெரியுமா? குளிரை வென்று ஈரத்தில் மடியும் செடி

ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த பாறைப் பிளவுகளில் மாதக்கணக்காகப் பனியின்கீழ் ஒடுங்கிக் கிடந்து, வசந்தம் முதிர்ந்து பனி கரைந்த பின், மெத்தை போன்ற தன் சிற்றுடல் முழுவதையும் வான்நீல மலர்களால் மூடிக்கொள்ளும் எரிட்ரிக்கியம் என்னும் செடி, அத்துணைக் கடுமையற்ற சீதோஷ்ணமுடைய இங்கிலாந்துத் தோட்டங்களில் குளிர்காலத்தைத் தாண்டாமல் மடிந்துபோவது விசித்திரமே. காரணம் குளிரன்று, ஈரம். மலையிலே பனிப்படலம் அதனைக் கடுங்குளிரினின்றும் மழையினின்றும் ஒருங்கே காக்கிறது. சமவெளியிலோ, ரோமம் அடர்ந்த அதன் இலைகள் ஓயாத தூறலைத் தேக்கிவைத்து அழுகிவிடுகின்றன. ஆகையால், மலைச்செடிகளுக்கெனப் பாறைத் தோட்டம் வைப்போர் மண்ணோடு சரளையைத் தாராளமாகக் கலப்பதும், செடியின் அடித்தண்டைச் சுற்றிக் கல்துகள் பரப்புவதும், குளிர்காலத்தில் மேலே ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்துவைப்பதும் அலங்காரத்தின் பொருட்டல்ல. பாறைகளேகூட வேர்களுக்குக் குளுமை தரும் பொருட்டே அங்கு வீற்றிருக்கின்றன (அழகு, பிறகு வந்து சேர்ந்த லாபம்).

பாறைத் தோட்டக் கலையைப் பற்றி 1919இல் வெளிவந்த பெருநூலால் இத்துறையின் ஆசானாக மதிக்கப்பட்ட ரெஜினால்ட் ஃபாரர், யார்க்‌ஷயரில் தம் ஊரருகே இருந்த செங்குத்துப் பாறையில், விதைகளைத் துப்பாக்கியில் அடைத்துச் சுட்டு விதைத்தார் என்றொரு கதை வழங்குகிறது. பாறை இடுக்கே மலைச்செடிகளுக்கு உவப்பானது என்றறிந்த ஒருவர் செய்யக்கூடிய காரியந்தான் அது.