வெள்ளரித் துண்டு ஏன் மிதக்கிறது?

மாணவர்களே! மீன் தொட்டியின் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கறுத்த மீனைப் பார்த்திருப்பீர்கள். ‘சக்கர் மீன்’ என்று கடையில் விற்கப்படும் இது கெளுத்தி இனத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்க ஆறுகளே இதன் தாயகம். தொட்டியின் அழுக்கைத் தின்று இது உயிர் வாழும் என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. ஆற்றில் கல்லிலும் கட்டையிலும் படரும் பாசியைச் சுரண்டித் தின்பதே இதன் வழக்கம். சுத்தமான கண்ணாடித் தொட்டியில் போதிய பாசி கிடைப்பதில்லை. ஆகவே வெள்ளரி, பசலைக்கீரை, காரட் போன்றவற்றை நாம் கொடுக்க வேண்டும்.

ஆனால் வெள்ளரித் துண்டு நீரில் மிதக்கிறது. மீனின் வாயோ உடலின் அடிப்புறத்தில் இருக்கிறது. அடியில் மேயும் மீனுக்கு மிதக்கும் உணவால் என்ன பயன்?

வெள்ளரியில் 95 சதவீதம் நீர்தான். பின் ஏன் மிதக்கிறது? அதன் செல்களுக்கு இடையே நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அதனால் அதன் சராசரி அடர்த்தி நீரைவிடச் சற்றுக் குறைகிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுகூருங்கள்!

ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, மெல்லிய வெள்ளரித் துண்டுகளை உப்பில்லாத நீரில் 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். சூட்டில் காற்று விரிந்து குமிழிகளாக வெளியேறும். செல் சவ்வுகளும் தளரும். துண்டுகளை அந்நீரிலேயே ஆறவிடுங்கள். எஞ்சிய காற்றும் ஆவியும் சுருங்க, அந்த இடத்தை நீர் நிரப்பும். இப்போது துண்டு மூழ்கும். மீன் சுரண்டுவதற்கேற்ப மென்மையாகவும் இருக்கும்.

இதை நான் அறிந்திருந்தும் ஒரு தவறு செய்தேன். எங்கள் ஆய்வகத்தில் 60 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தது. பொங்கல் விடுமுறையில் மீன்கள் பட்டினி கிடக்குமே என்று, சுமார் 100 கிராம் வெள்ளரியை வேகவைத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். இடையில் மின்சாரம் நின்று, காற்றுக் குழாயும் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது நீர் வெண்மையாகக் கலங்கியிருந்தது. சிறு மீன்கள் இறந்து மிதந்தன. சக்கர் மீன் மட்டும் மேலே வந்து வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தது.

காரணம் என்ன? கணக்கிட்டுப் பார்ப்போம். 28° செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனே கரையும். 60 லிட்டருக்கு அரை கிராம்கூட இல்லை! 100 கிராம் வெள்ளரியில் ஏறத்தாழ 1.7 கிராம் சர்க்கரை உள்ளது. அதைப் பாக்டீரியாக்கள் முழுதும் சிதைக்க 1.8 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதாவது, தொட்டியில் இருந்ததைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு! காற்றுக் குழாய் நின்றபின், நீர்ப்பரப்பின் வழியே கரையும் ஆக்சிஜன் மட்டும் போதவில்லை. போதாக்குறைக்கு, அழுகும் பொருளிலிருந்து அம்மோனியாவும் உண்டாகும். அதுவும் மீன்களுக்கு நஞ்சு. சக்கர் மீன் பிழைத்தது எப்படி? விழுங்கிய காற்றிலிருந்து இரைப்பை வழியே ஆக்சிஜனைப் பெற அதனால் முடியும். மற்ற மீன்களுக்கு அந்த வசதி இல்லை.

அன்று முதல் நான் கைக்கொள்ளும் முறை இது. காய்கறியை நன்கு கழுவ வேண்டும். மீன்கள் ஓரிரவில் தின்னும் அளவே, ஒன்றிரண்டு துண்டுகள் போதும். சக்கர் மீன் இரவில் மேய்வதால் விளக்கணைத்த பின் போட்டு, எஞ்சியதைக் காலையில் எடுத்துவிட வேண்டும். நீர் கலங்கினால் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

இன்னுமொன்று. இம்மீன் 30 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். தொட்டி போதவில்லையென்று குளத்தில் விட்டுவிடாதீர்கள்! அப்படி வெளியேறியவை நம் நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கும் மீனவர் வலைகளுக்கும் தொல்லையாகியிருக்கின்றன. ஓர் உயிரை வளர்க்க அன்பு வேண்டும். அந்த அன்புக்கு அளவும் வேண்டும்.