சாயம் போடாத நீலம்

வா கண்ணு, மாமா பக்கத்தில் உட்கார். வேலூர்க் கோட்டை அகழியை எட்டிப் பார்த்திருக்கிறாய் அல்லவா? இப்படித் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு நீலக் கீற்று விருட்டென்று பறந்தால், "அது என்ன மாமா?" என்று கேட்பாய். கேட்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை!

அது சிறிய மீன்கொத்தி. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெரியது. எடை சுமார் 30 கிராம். இரண்டு மூன்று மாவடு கனம். மார்பு பழுத்த மாம்பழ நிறம். முதுகு பளீர் நீலம்.

அந்த நீலத்தில்தான் புதிர் இருக்கிறது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் பெரிய டிரம்மில் தோலையும் சாயத்தையும் போட்டுச் சுற்றுவார்கள். தோலுக்கு நிறம் அப்படித்தான் ஏறுகிறது. மீன்கொத்தியின் நீலத்திலோ சாயமே கிடையாது! இறகுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பின்னல் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் நீலத்தைத்தான் அது நம் பக்கம் அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. சோப்புக் குமிழியில் யார் சாயம் ஊற்றினார்கள்? ஆனாலும் நிறம் நிறமாகத் தெரிகிறதே! இறகை இடித்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும். மார்பின் மாம்பழ நிறம் மட்டும் நிஜமான நிறமி. புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை படி, அவசரமில்லை.

இப்போது ஒரு கிண்ணத்தில் காசைப் போட்டுத் தண்ணீர் ஊற்று. காசு மேலே எழும்பியதுபோலத் தெரிகிறதா? குளத்து மீனும் அப்படித்தான், இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே தெரியும். மீன்கொத்தி அதையும் கணக்கில் வைத்து, பள்ளி மணி அடித்ததும் நீ பாய்வதுபோல, தலைகீழாகப் பாயும். தண்ணீருக்குள் அதன் கண்ணை மூன்றாவது இமை ஒன்று மூடிக் காக்கும். பிடித்த மீனைக் கிளையில் நாலு அடி அடித்து, தலைப்பக்கமாக விழுங்கும். அப்போதுதான் முள் தொண்டையில் குத்தாது.

வீடு, கரையின் செங்குத்தான மண்சுவரில். அலகால் குத்தி, காலால் மண்ணைத் தள்ளி, ஒரு முழத்துக்கும் மேல் வளை தோண்டும். உள்ளே ஐந்து முதல் ஏழு வெள்ளை முட்டைகள். வட அட்லாண்டிக் கடலில் பஃபின் என்ற வண்ண அலகுப் பறவை இருக்கிறது. அதுவும் முக்குளித்து மீன் பிடிக்கும், வளை தோண்டும். ஆனால் இடுவது ஒரே முட்டை!

தண்ணீர் தெளிந்திருந்தால்தான் மேலிருந்து மீன் தெரியும். ஆனால் கழிவு கலந்தால் தண்ணீர் கெட்டுவிடுமே! பாலாற்றில் தோல் ஷாப் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். ஆற்றைக் கெடுத்தவரே அதைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீன்கொத்திக்கும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு அது என்றே எனக்குத் தோன்றும்.

ஏரிக்கரைப் பக்கம் போனால் சத்தமில்லாமல் நில். மீன்கொத்தி வந்து உட்கார்ந்தால் அலகைப் பார். கீழ் அலகு செம்மஞ்சளாக இருந்தால் அம்மா, முழுக்கக் கறுப்பாக இருந்தால் அப்பா.