கலிப்போலியின் ஜேர்மன் பாஷா

கலிப்போலி என்றதும் நம்மவர்கள் முஸ்தபா கமாலின் பெயரைத்தான் சொல்வார்கள். அங்கே போரிட்ட உஸ்மானிய ஐந்தாம் படையின் தளபதி ஒரு ஜேர்மானியர் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர் லிமான் வொன் ஸாண்டர்ஸ்.

1913 டிசம்பரில் இராணுவத் தூதுக்குழுத் தலைவராக இஸ்தான்பூல் வந்தார். தலைநகரப் படையணியை அவரிடம் கொடுத்ததை ரஷ்யா கடுமையாக எதிர்த்தது. பதவியை உயர்த்துவதுபோல உயர்த்தி, படைப் பரிசோதகர் நாயகமாக்கிப் பிரச்சினையை முடித்தார்கள்.

1915 மார்ச்சில் கலிப்போலி அவர் கைக்கு வந்தது. கரை நெடுகிலும் சிதறிக் கிடந்த படையினரைத் திரட்டி உள்ளே நிறுத்தினார். கரையில் காவலுக்குச் சிலர் மட்டும். எதிரி எங்கே இறங்கினாலும் விரைந்து போக வேண்டும் என்பதே கணக்கு. கணக்கு சரி, இடம்தான் பிழைத்தது. ஏப்ரல் 25 அன்று பிரித்தானியர் வடக்கே, பொலாயிர் பக்கம் இறங்குவதுபோல பாசாங்கு காட்ட, அவர் அங்கேயே காத்திருந்தார். உண்மையான தரையிறக்கம் தெற்கே. மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் குன்றுகளுக்கு விரைந்து அவுஸ்திரேலியரை மறித்தவர் முஸ்தபா கமால். ஆனாலும் ஆகஸ்டில், படை களைத்துவிட்டதென்று தாக்குதலைத் தள்ளிப்போட்ட தளபதியை அன்றிரவே நீக்கி, அந்தப் பொறுப்பைக் கமாலிடம் கொடுத்தவர் லிமான்தான். ஆளை அறிந்து இடம் கொடுப்பதும் தளபதியின் வேலைதானே. வெற்றியை ஒருவருக்கே எழுதிக் கொடுப்பது சரியாகப் படவில்லை.

அவரைப் புகழ்பவர்கள் 1916 நவம்பரைச் சொல்வார்கள். இஸ்மிரில் ஆர்மீனியரை நாடுகடத்தத் தொடங்கியபோது, படையைக் கொண்டு தடுப்பேன் என்று ஆளுநரை மிரட்டி நிறுத்தினார். அடுத்த வருடமே, இராணுவப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அய்வலிக் நகரின் கிரேக்கரை வெளியேற்ற வைத்தவரும் அவர்தான். இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் அது வரலாறாகாது.

1918 மார்ச்சில் பலஸ்தீனப் போர்முனை. பசி, நோய், படையை விட்டு ஓடுவோர் என்று தேய்ந்துபோன படைதான் மிச்சம். செப்டம்பர் 20 விடியுமுன் பிரித்தானியக் குதிரைப்படை நாஸரத்துக்குள் புகுந்தது. தளபதி மயிரிழையில் தப்பினார். பதினொரு நாளில் திமிஷ்க் விழுந்தது. அக்டோபர் 31, அதனாவில், எஞ்சிய படையைக் கையளித்துவிட்டுப் புறப்பட்டார். பொறுப்பேற்றவர் வேறு யாருமல்ல, அதே முஸ்தபா கமால்.

ஊர் திரும்பும் வழியில் 1919இல் பிரித்தானியர் பிடித்து மால்டாவில் சில மாதங்கள் அடைத்து வைத்தார்கள். துருக்கியில் கழித்த ஐந்து வருடங்களைப் புத்தகமாக எழுதினார். 1929இல் மியூனிக்கில் இறந்தார்.