பிட்காயின் படிக்கும் நாடு

மத்திய அமெரிக்காவின் சின்னஞ்சிறு நாடான எல் சால்வடோர், 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயின் என்ற மின்னணுப் பணத்தைச் சட்டப்பூர்வ நாணயமாக்கியது. உலகில் இதுவே முதல்முறை. அதைப் பயன்படுத்துவதற்கான கைப்பேசிச் செயலியைப் பதிவிறக்கியோருக்கு அரசு 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தது. பலர் அதைச் செலவழித்ததோடு சரி, செயலியை மறந்துவிட்டனர். மக்களைப் பிட்காயினுக்குப் பழக்க, பாடம் கற்பிப்பதே உருப்படியான வழியாக இருந்தது. 'மி பிரிமெர் பிட்காயின்' என்ற தொண்டு நிறுவனம் பள்ளிகளில் பத்து வாரப் பட்டயப் பாடம் நடத்தியது: பண்டமாற்றில் தொடங்கி, விலைவாசி ஏன் ஏறுகிறது என்று விளக்கி, மாணவரே கைப்பேசியில் பணம் அனுப்பிப் பார்ப்பது வரை. நிரலாளர்களை உருவாக்க, அரசின் பிட்காயின் அலுவலக ஆதரவோடு 'கூபோ பிளஸ்' பயிற்சி வந்தது. தொழில்நுட்ப நிறுவனங்களை ஈர்க்க, 2023-இல் அவற்றுக்கு 15 ஆண்டு வரிச்சலுகை அளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் டெதர் என்ற மின்னணுப் பண நிறுவனம் தன் தலைமையகத்தை இங்கே மாற்றுவதாக அறிவித்தது. அதே மாதம், பன்னாட்டு நாணய நிதியத்தின் கடன் நிபந்தனைக்கு இணங்கி, கடைக்காரர்கள் பிட்காயினை ஏற்றே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை நாடாளுமன்றம் நீக்கியது.