மாவு பொங்காத ஊரில் காலைப் பலகாரம்

கொடைக்கானலுக்குப் புறப்படும் குடும்பங்களைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்று கவனித்திருக்கிறீர்களா? ஐயாவின் கையில் கறுப்புக் கண்ணாடி. பிள்ளைகளின் கையில் பந்து. அம்மாளின் கையில்? ஸ்டவ், குக்கர், பருப்புப் பொட்டலம், புளி, மிளகாய்ப் பொடி டப்பா. போதாக்குறைக்கு ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு! மலைக்குப் போவது உல்லாசத்துக்கு என்கிறார்கள். சமையற்கட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறவளுக்கு அது எப்படி உல்லாசமாகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சென்ற மே மாதம் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பத்தோடு நானும் போனேன். அக்காவின் மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள், அந்த மாவுத் தூக்கு, நான். செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டுகிற வரையில் அனல் காற்று. அப்புறம் வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. தூக்கு மட்டும் அக்காவின் மடியை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் காலை காட்டேஜில் தூக்கைத் திறந்தால், மாவு வைத்த இடத்திலேயே இருந்தது! திண்டுக்கல்லில் அதே மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருக்கும். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "உளுந்து சரியில்லையோ?" என்றார் கணவர். குற்றம் உளுந்தின் மேலும் இல்லை, அரைத்தவள் மேலும் இல்லை. மாவைப் புளிக்க வைத்துப் பொங்கச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நம் ஊர் வெக்கைதான் பிடிக்கும். ஏழாயிரம் அடி உயரத்துக் குளிரில் அவையும் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுகின்றன. இது மட்டுமா? திண்டுக்கல்லில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், காற்றழுத்தம் குறைந்த கொடைக்கானலில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று நம்பி உட்கார்ந்தால், பருப்பு வேகாமல் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். குக்கர் இல்லாவிட்டால் மலையில் சாம்பார் பெரும்பாடு.

ஆகவே, வேறு வழியின்றி வெளியே கிளம்பினோம். ஏரிப் பக்கமும், ஏழு ரோடு சந்திப்பைச் சுற்றியும், வட்டக்கானல் போகும் வழியிலும் சிறு சிறு சாப்பாட்டுக் கடைகள். இட்லி, பொங்கலுக்கும் குறைவில்லை. ஆனால் பிள்ளைகள் ஒரு கடை வாசலில் நின்றுவிட்டார்கள். உள்ளே 'பான்கேக்' வெந்துகொண்டிருந்தது. வெண்ணெய் உருகும் அந்த வாசனைக்கு முன் எந்த வைராக்கியம் நிற்கும்?

அமெரிக்கப் பலகாரம் நம் மலைக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கொடைக்கானலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களே அமெரிக்கர்கள்தாம். மதுரைச் சீமையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் காய்ச்சலிலும் காலராவிலும் மனைவி மக்களைப் பறிகொடுத்துத் தவித்தார்கள். முதலில் நம் திண்டுக்கல்லை ஒட்டிய சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. அப்புறம்தான் பழனி மலைக்கு ஏறி, 1845-ல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1901-ல் அவர்கள் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி ஏற்பட்டது. இன்று அது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. வடக்கே முசௌரிக்கு மேலே லண்டூரிலும் இதே கதைதான். அங்கே 'சார் துகான்' என்ற நாலு கடை முக்கில் இன்றும் பான்கேக் கிடைக்கிறது.

அமெரிக்காவிலோ இதற்கென்றே தனிக் கடைகள். டென்னஸி மாநிலத்தில் காட்லின்பர்க் என்று ஒரு மலை ஊர். 1960-ல் அங்கே 'பான்கேக் பான்ட்ரி' என்ற கடை திறந்தார்கள். இன்றும் காலையில் அதன் வாசலில் கூட்டம் காத்து நிற்கிறது. அதன் மேல் ஊற்றுவது மேப்பிள் மரத்துப் பாகு. நாற்பது லிட்டர் மரச் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகுதான் தேறுமாம். நம் மலையில் அந்தக் கவலை இல்லை. தேன் இருக்கிறது. நறுக்கிப் போட மலைவாழைப் பழம் இருக்கிறது. விருப்பாச்சிப் பழமும் சிறுமலைப் பழமும் புவிசார் குறியீடு பெற்றவை, இரண்டுமே நம் திண்டுக்கல் ஜில்லாச் சரக்கு என்பதை இங்கே கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

தட்டு வந்தது. விலைப் பட்டியலைப் பார்த்த அக்காவின் கணவர் கூரையைப் பார்த்தார். மாமியார் ஒரு விள்ளல் வாயில் போட்டு, "இது நம்ம வெல்ல தோசைதானேம்மா! கொஞ்சம் உப்பியிருக்கு, அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்த உப்பலில்தான் சூட்சுமம். பான்கேக் மாவு இரவெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. பேக்கிங் பவுடர் போதும். 1843-ல் ஆல்பிரட் பேர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் அதைச் செய்தது, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக! (இப்படியும் கணவர்கள் இருந்திருக்கிறார்கள்.) குளிரானாலும் வெயிலானாலும் அது தன் வேலையைச் செய்துவிடும். மாவு பொங்காத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பலகாரம் ஏது?

செய்முறை கேட்காமல் நம் பெண்கள் எழுந்திருப்பார்களா? அக்கா சமையற்காரரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு மேஜைக் கரண்டி சர்க்கரை, சிட்டிகை உப்பு. இவற்றைச் சலித்து, ஒரு முட்டை, முக்கால் கப் பால், இரண்டு மேஜைக் கரண்டி உருக்கிய வெண்ணெய் சேர்த்துக் கலக்க வேண்டும். முட்டை ஆகாதவர்கள் ஒரு பழத்தை மசித்துப் போடலாம். தோசை மாவைப் போல் அடித்துக் கலக்கக் கூடாது. அங்கங்கே கட்டி இருந்தாலும் பாதகமில்லை. அதிகம் அடித்தால் ரப்பராகிவிடும். பத்து நிமிஷம் கழித்து, இளந்தணலில் கல்லில் ஊற்றி, மேலே குமிழிகள் வெடித்ததும் ஒரே ஒரு தடவை திருப்ப வேண்டும். மலையில் பேக்கிங் பவுடரைச் சற்றுக் குறைக்க வேண்டுமாம். காற்றழுத்தம் குறைவாகையால் மாவு அதிகமாக உப்பி, பிறகு அமுங்கிப்போகும்.

கேட்டுக்கொண்டிருந்த கணவரின் முகம் மலர்ந்தது. "சுலபமாகத்தானே இருக்கிறது! மைதா வாங்கிக்கொண்டு போய்விடலாம். நாளையிலிருந்து காட்டேஜிலேயே செய்துவிடேன்."

அக்கா பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "ஊருக்குப் போய்ச் செய்வா. இருக்கிற நாலு நாளும் இங்கேயே வந்து சாப்பிடுவோம்."

அக்கா இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பரிமாறிய பையன் பக்கமாய் வந்தபோது, "தம்பி, இன்னொரு காப்பி கிடைக்குமா?" என்று கேட்டாள். காப்பி வந்தது. ஏரியில் பனி விலகுவதைப் பார்த்தபடி அதை ஆறவிட்டு, மெதுவாகக் குடித்தாள். மாவுத் தூக்கின் நினைவு அன்று சாயங்காலம் வரை யாருக்கும் வரவில்லை.