12 வயதானால் போதும்... வானலையில் பேசலாம்!

குழந்தைகளே! ஓசூர் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு கதை சொல்வார்கள். முன்பெல்லாம் பஸ் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் சட்டைப் பையில் செல்போன் 'டிங்' என்று கூப்பிடும். 'கர்நாடகத்துக்கு நல்வரவு' என்று எஸ்.எம்.எஸ். வந்திருக்கும். அந்த நிமிடத்திலிருந்து ரோமிங் கட்டணம்! நான் அத்திப்பள்ளியில் போனை அணைத்துவிடும் கட்சி.

டவர், கட்டணம், சிம் கார்டு எதுவும் இல்லாமல் ஓசூரிலிருந்து இலங்கைக்கும் ஜப்பானுக்கும் பேச ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஹாம் ரேடியோ. 'அமெச்சூர் ரேடியோ' என்றும் சொல்வார்கள். பொழுதுபோக்குக்காக, சொந்தமாக ஒயர்லெஸ் நிலையம் வைத்துக்கொள்வது. வீட்டு மாடியில் கொடிக்கயிறு போல சுமார் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பி; மேஜை மேல் ஒரு பெட்டி; பக்கத்தில் 12 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான் நிலையம்!

கம்பியிலிருந்து கிளம்பும் 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மேலே போகின்றன. பூமிக்கு மேல் சில நூறு கிலோமீட்டர் உயரம் வரை அயனி மண்டலம் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்று அது. அலைகளை அது வளைத்துத் திருப்பி பூமிக்கே அனுப்பிவிடும். சுவரில் எறிந்த பந்து திரும்பி வருகிறதே, கிட்டத்தட்ட அப்படித்தான். நடுவில் டவரும் வேண்டாம், கேபிளும் வேண்டாம்.

ஆசிரியராக இருந்தபோது ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை பெங்களூரில் ஒரு ஹாம் நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவர் மைக்கில், "சி.க்யூ., சி.க்யூ." என்று கூப்பிட்டார். 'யாராவது கேட்கிறீர்களா? வாருங்கள், பேசலாம்' என்று அதற்கு அர்த்தம். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து ஒரு குரல், மெதுவாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. இலங்கையிலிருந்து! பிள்ளைகள் மூச்சு விடவில்லை. குரல் அடங்கியதும் ஒரு பெண் கேட்டாள்: "சார், அவருக்கு பில் எவ்வளவு வரும்?" நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு பைசா கிடையாது!

இதெல்லாம் வெறும் விளையாட்டுதானே என்கிறீர்களா? 2004 டிசம்பருக்குப் போவோம்.

டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு ஹாம் குழுவுடன் அந்தமானில் இருந்தார். பல ஆண்டுகளாக அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் ஒலிபரப்புக்கு அனுமதி இல்லை. அனுமதி கிடைத்ததும் போர்ட் பிளேரில் ஒரு ஓட்டலில் நிலையம் அமைத்தார்கள். உலகம் முழுவதும் உள்ள ஹாம்கள் அந்தமானுடன் பேசப் போட்டி போட்டார்கள். அரிய ஊரிலிருந்து பதில் வாங்குவது, அரிய தபால்தலை கிடைப்பது மாதிரி.

டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29 மணி. சுமத்ரா அருகே கடலுக்கடியில் பெரிய பூகம்பம். பிறகு சுனாமி. தீவுகளில் தொலைபேசிகள் செயலிழந்தன. பாரதியின் ரேடியோ மட்டும் பேசியது! போட்டியை அப்படியே விட்டுவிட்டு, குழு அவசரச் செய்திகளை அனுப்பத் தொடங்கியது. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்ன இடத்தில் இருக்கிறார் என்ற செய்திகள் மெயின்லாண்டில் காத்திருந்த குடும்பங்களுக்குப் போயின. கார் நிகோபார் தீவிலும் ஹாம் நிலையம் அமைக்கப்பட்டது. அதே நாட்களில் இலங்கையில் விக்டர் குணதிலக என்ற ஹாமும் அவருடைய நண்பர்களும் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்கு சிற்றலையில் செய்தி சேர்த்தார்கள்.

கடல் நமக்கு எங்கே என்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் கேட்கலாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதே, நினைவிருக்கிறதா? நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் உருண்டன. கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம்! செல்போன் டவருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். டவரை இணைக்கும் கேபிள் அறுந்தால் பேட்டரி இருந்தும் பயனில்லை. கார் பேட்டரியும் ஒரு முழக்கம்பியும் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை.

நம் ஊரில் ஹாம் நடத்துவதில் ஒரு சிரமமும் உண்டு, ஒரு வசதியும் உண்டு. சிப்காட் பக்கம் மோட்டாரும் வெல்டிங்கும் ஓடும்போது ரேடியோவில் 'கர்ர்ர்' என்று இரைச்சல் புகுந்துவிடும். தூரத்துக் குரல் கேட்க வேண்டுமானால் இரவு வரை காத்திருக்க வேண்டும். வசதி என்னவென்றால், ஓசூர் மேட்டில் இருக்கிறது. கையடக்க செட்டின் 144 மெகாஹெர்ட்ஸ் அலை பார்வை போல நேராகப் போகும். பெங்களூர்ப் பக்கம் அதற்கு எளிது. கிருஷ்ணகிரிக்கு சூளகிரி மலைகளைத் தாண்டி இறங்க வேண்டுமே, அங்கே தடுமாறும். அதற்காகத்தான் உயரமான இடத்தில் 'ரிப்பீட்டர்' வைப்பார்கள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் பெட்டி அது.

சரி, உரிமம் வாங்குவது எப்படி? 1978-ம் ஆண்டு விதிகளின்படி 12 வயது நிறைந்திருந்தால் தேர்வு எழுதலாம். உரிமம் தருவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. தேர்வில் இரண்டு பகுதி: ரேடியோ எப்படி வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது. மின்தடை, மின்தேக்கி, ஓம் விதி இதெல்லாம் உங்கள் அறிவியல் பாடத்திலேயே வந்துவிடும். 'ரெஸ்ட்ரிக்டெட்' வகைக்கு இது போதும். 'ஜெனரல்' வகைக்கு மோர்ஸ் தந்தியும் தெரிய வேண்டும். மோர்ஸ் என்றதும் பயப்படாதீர்கள். புள்ளி, கோடு என்று எழுதிப் படித்தால் மண்டையில் ஏறாது. 'டிட்', 'டா' என்று பாட்டாகப் பாடினால் ஏறிவிடும். டிடிடிட், டா டா டா, டிடிடிட்... இது எஸ்.ஓ.எஸ்.! பெங்களூரில் 'இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹாம்ஸ்' என்ற அமைப்பு பலருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது.

தேறியதும் உங்களுக்கு மட்டுமே சொந்தமான ஒரு பெயர் கிடைக்கும். அது 'கால் சைன்'. உலகில் இன்னொருவருக்கு அது இருக்காது. இந்தியாவுக்கு 'வி.யூ.' என்று தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்திக்கு வி.யூ.2 ஆர்.ஜி. என்று இருந்தது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் கையடக்க செட் வாங்கி, உரிமம் இல்லாமல் பேசிவிடாதீர்கள். அது குற்றம். விமானம், போலீஸ், தீயணைப்பு எல்லாம் வானலையில்தான் பேசிக்கொள்கின்றன. அங்கே போய் நாம் குறுக்கே கத்தக்கூடாது. ஹாம் ரேடியோவில் வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, ரகசியக் குறியீடும் கூடாது.

வானத்துக்கும் பேசலாம் தெரியுமா? 2005 மே 5 அன்று இஸ்ரோ ஹாம்களுக்கென்றே 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பியது. இரண்டு வருஷம் உழைக்கும் என்றார்கள். 2014 வரை உழைத்தது! 2025 ஜூலையில் விண்வெளி நிலையத்திலிருந்த சுபான்ஷு சுக்லா, பெங்களூரில் கூடியிருந்த மாணவர்களுடன் ஹாம் ரேடியோவில்தான் பேசினார். நிலையம் நம் தலைக்கு மேல் கடந்து போவதற்குள், அதாவது சுமார் பத்து நிமிடத்துக்குள், கேள்வி கேட்டு முடிக்க வேண்டும்.

உரிமம் வரும் வரை ஒன்று பழகலாம். இரைச்சலில் 'பி'யும் 'டி'யும் ஒன்றாகவே கேட்கும். அதனால் ஹாம்கள் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா... ஓசூரை ஆங்கிலத்தில் எழுதி இப்படிச் சொல்வார்கள்: ஹோட்டல், ஆஸ்கர், சியெரா, யூனிஃபார்ம், ரோமியோ. ஐந்தே சொல்! கிருஷ்ணகிரிக்காரர்கள் பாவம், பதினொன்று சொல்ல வேண்டும். 'கிலோ'வில் ஆரம்பியுங்கள்!