சாந்தோம் முனையில் ஒரு காடு

சாந்தோம் பேராலயத்தைத் தாண்டித் தெற்கே போனால், பட்டினப்பாக்கத்துக்கு அப்பால் வலப்பக்கம் மரங்கள் தலைநீட்டும் நீண்ட சுற்றுச்சுவர் வரும். உள்ளே இருப்பது 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா. 2011 ஜனவரியில் திறந்தார்கள். அதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அடையாற்று உப்பங்கழியில் லாரி லாரியாகக் கட்டட இடிபாடு கொட்டிக் கிடந்தது. கூடவே வீட்டுக் குப்பை, சாக்கடை.

அதை மறுபடி கழியாக்கும் திட்டத்தை வகுத்தது ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழு. அதன் பின்னால் இருந்தவர் ஜாஸ் புரூக்ஸ் என்ற ஆஸ்திரேலியர். அவர் பாடம் படித்த இடம் சென்னை அல்ல, புதுச்சேரிக்கு வடக்கே இருந்த செம்மண் பொட்டல்.

1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலத்தில் நிழலுக்கு ஒதுங்க மரம் கிடைப்பதே அரிது. காட்டை வெட்டித் தீர்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளை அரித்துக்கொண்டு நேரே கடலுக்குப் போகும். 1970களின் தொடக்கத்தில் அங்கே வந்து சேர்ந்த இளைஞர்களில் ஒருவர் புரூக்ஸ். முதல் வேலை மரம் நடுவது அல்ல. சரிவுக்குக் குறுக்கே வரப்பு போட்டு, விழுந்த மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்துவது. மண்வெட்டி பிடித்ததில் பெரும்பகுதி சுற்றுக் கிராமத்து மக்கள். இந்தக் கதை எழுதப்படும்போதெல்லாம் வெள்ளைக்காரர் பெயர் நிற்கிறது, அவர்கள் பெயர் நிற்பதில்லை.

அடுத்து நட்டது ஆஸ்திரேலிய வேல மர வகைகளை. இங்கே சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒன்றும் முளைக்காத நிலத்தில் சீக்கிரம் வளர்ந்து, நிழல் தந்து, இலை உதிர்த்து மண்ணைத் தேற்ற ஒரு மரம் வேண்டியிருந்தது. அந்த நிழலில்தான் நம் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைக்காட்டு மரங்களான வீரை, உலக்கைப்பாலை, காயா, கருங்காலி ஆகியவை வேர் பிடித்தன. அவற்றுக்கு விதை, ஐயனார் புண்ணியத்தில் வெட்டுப்படாமல் தப்பிய புத்துப்பட்டு போன்ற கோயில் காடுகளில் இருந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பெருமளவில் சாய்ந்தவை அந்த வேல மரங்கள்தான். அதற்குள் அவற்றின் வேலை முடிந்திருந்தது.

இதே உத்தியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டவர் டென்மார்க்கின் என்ரிகோ டால்காஸ். ராணுவப் பொறியாளர், ஜட்லாந்து தீபகற்பத்தில் சாலை போட்டவர். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போன அந்தச் சிறிய நாடு, 1864 போரில் தன் தெற்கு மாநிலங்களையும் பறிகொடுத்தது. கையில் மிஞ்சிய நிலத்தில் ஜட்லாந்தின் புதர்மண்டிய மணல்வெளி மிகப் பெரிது. 1866இல் டால்காஸ் சிலரோடு சேர்ந்து பொட்டல்நிலச் சங்கத்தைத் தொடங்கினார். மணலுக்கு அடியில் இறுகிக் கிடந்த இரும்புப்படிவப் பாறையை உடைத்தார்கள்; சுண்ணாம்புக் களிமண் போட்டார்கள். ஸ்ப்ரூஸ் மரத்தைத் தனியாக நட்டால் நின்றுபோனது, மலைப் பைனுக்குத் துணையாக நட்டால் வளர்ந்தது. 1894இல் டால்காஸ் இறக்கும்போது ஜட்லாந்தின் முகமே மாறத் தொடங்கியிருந்தது.

அந்தச் சங்கத்தின் பிற்காலம்தான் சாந்தோமுக்கு நெருக்கமானது. நிலத்தை விளையவைப்பதில் கிடைத்த வெற்றி, ஈரநிலத்தையும் வீண்நிலமாகப் பார்க்க வைத்தது. 1960களில் அதே சங்கம் ஸ்கெர்ன் ஆற்றை நேராக்கி, அதன் சதுப்பை வடித்து வயலாக்கியது. மண் அமிழ்ந்தது, மீன் குறைந்தது, முகத்துவாரத்துக் கழி கெட்டது. 1999 முதல் 2002 வரை அரசே பெரும் பணம் செலவழித்து ஆற்றைத் திரும்ப வளைய விட்டது.

நம் உப்பங்கழிக்கும் அந்தக் கதி வந்தது. அங்கே வடித்தார்கள், இங்கே கொட்டினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1990களில் கழியை ஒட்டிக் கட்டடங்கள் எழுந்தபோது, சிஏஜி என்ற குடிமக்கள் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே எழுந்த அம்பேத்கர் மணிமண்டபத்துக்குப் போக எஞ்சிய நிலம் தப்பியது. அந்த வழக்கு இல்லாவிட்டால் புரூக்ஸ் குழு திட்டம் போட இடமே இருந்திருக்காது. ஆகவே என் கணக்கில் முதல் மரியாதை வழக்குப் போட்டவர்களுக்கு.

பிறகு நடந்தது எளிய வேலை, ஆனால் நீண்ட வேலை. இடிபாட்டை அள்ளினார்கள். கழியை ஆழப்படுத்தி, அடைபட்ட வழியைத் திறந்து, கடல் ஏற்றத்து நீர் உள்ளே வரவிட்டார்கள். உப்புநீர் வரும் ஓரத்தில் அலையாத்தி, மேட்டில் உலர் பசுமைக்காட்டு மரங்கள். நாரையும் கொக்கும் நீர்க்காகமும் தாமாகத் திரும்பின. மீனும் நண்டும் இருந்தால் அவற்றுக்கு அழைப்பு வேண்டியதில்லை.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அடையாறு இன்னும் சாக்கடையைச் சுமந்துதான் இங்கே வருகிறது. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைக்கிறது, அதை அள்ள வேண்டியிருக்கிறது. பூங்கா அழகாக இருப்பதால் ஆறு சுத்தமாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

கழிக்கு வந்த கேடு ஒரு நாளில் வரவில்லை. ராத்திரியில் ஒரு லாரி, மறுநாள் இன்னொன்று என்றுதான் நிரம்பியது. ஆற்றோரத்திலோ கழியோரத்திலோ கட்டட இடிபாட்டைக் கொட்டும் வண்டியைப் பார்த்தால், அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்யுங்கள்.